பச்சைக்கொடி பிடித்த கை

பெருங்காய வாசனைதான் முதலில் வந்தது. அப்புறம் வறுத்துப் பொடித்த வெந்தயம். திரையில் தணிக்கைச் சான்றிதழ் நடுங்கிக்கொண்டு நின்ற அந்த நாலு விநாடிக்குள் இந்திராணியின் மூக்கு கண்டுபிடித்துவிட்டது, இது தன்னுடைய எலுமிச்சை சாதம். திருச்சியில் எத்தனையோ வீட்டில் எலுமிச்சை சாதம் கிளறுகிறார்கள், ஆனால் அதில் வெந்தயப்பொடி தூவுகிற கிறுக்கு அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. காலையில் ஏழே முக்காலுக்குக் கிளறி, ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவலை ஒதுக்கி, டப்பாவை அமுக்கி மூடிக் கணவர் தாமோதரன் கையில் கொடுத்தாள். அவர் அதை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கருவூல அலுவலகத்துக்குக் கிளம்பியதை வாசலில் நின்று பார்த்தாள். அந்தச் சாதத்துக்குக் காலைக் காட்சியில் என்ன வேலை? அவளுக்கு முந்தின வரிசையில், இடப்பக்கம் மூன்று நாற்காலி தள்ளி, ஒரு தலை. உச்சியில் தோசைக்கரண்டி அளவுக்கு வழுக்கை. சட்டைக் காலருக்குள் செருகின நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. அதை இஸ்திரி போட்டவளும் அவள்தான். கடவுளே, இவரா? சினிமா என்றால் வேலைவெட்டி இல்லாதவன் இருட்டில் உட்காருகிற இடம் என்று இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிவருகிற மனுஷனா? இல்லை, வேறு யாரோ. வேறு யாரோவாக இருந்தால் அந்த ஆள் ஏன் முதலில் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்கிறார்? உலகத்திலேயே தொட்டுக்கொள்ள வைத்ததை முதலில் காலிசெய்துவிட்டு வெறும் சாதத்தைப் பரிதாபமாகப் பார்க்கிற ஆண்பிள்ளை ஒருத்தர்தான். அவரேதான்.

இந்திராணி நாற்காலியில் சறுக்கி இறங்கினாள். நாற்காலி கிறீச்சென்றது. பாழாய்ப்போன நாற்காலி, பதினோரு வருஷமாக இதே நாற்காலி, ஒரு நாளாவது எண்ணெய் விட்டிருப்பானா? பதினோரு வருஷம். மகள் கல்லூரி விடுதியில் சேர்ந்த அந்த வாரம் வீடு ஹோ என்று கிடந்தபோது, வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கென்று கிளம்பியவள் வழியில் தியேட்டர் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள், அவ்வளவுதான், கால் தானாக உள்ளே போய்விட்டது. அதிலிருந்து வெள்ளிதோறும் பத்தே முக்கால் காட்சி. முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகக் கோயில், வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நடை சாத்துவதற்குள் ஒரு கும்பிடு, ஒரு பொட்டலம் குங்குமம். அந்தக் குங்குமத்தைச் சாயங்காலம் இதே மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் இட்டுக்கொண்டு, 'ஒன் பக்திதான் இந்த வீட்டக் காப்பாத்துது' என்பார். அவள் சமையலறைக்குள் போய் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். மிக்ஸி சத்தத்தில்தான் அவள் விமரிசனமெல்லாம் நடக்கும். சட்னி அரைகிற இரண்டு நிமிஷத்துக்குள் அன்றைக்குப் பார்த்த படத்தைக் கதாநாயகனிலிருந்து சவுண்டு வரைக்கும் கிழித்து, அவளே கேட்டு, அவளே சிரித்து, மூடியைத் திறப்பாள். வேறு யாரிடம் சொல்வது? பக்கத்து வீட்டில் சொன்னால் இவர் காதுக்குப் போகும். இவர் காதுக்குப் போனால் பதினோரு வருஷக் குங்குமத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, சொல்லித் தொலைக்கலாம். இந்த நாற்காலி போய்விடும். இங்கே அவள் யாருக்கும் அம்மா இல்லை, அண்ணி இல்லை, சூப்பிரண்டென்ட் சம்சாரம் இல்லை. மூன்று மணி நேரம் வெறும் இரண்டு கண். அதைப் பறிகொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமையை எதில் போட்டுச் செலவழிப்பது, பூஜைப் பாத்திரம் தேய்ப்பதிலா?

கிராம்பு எங்கே? கைப்பையைத் துழாவி ஒன்றை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள். தியேட்டருக்குள் வந்தால் வாயில் கிராம்பு இருக்க வேண்டும், அது அவள் சட்டம். வாய் சும்மா இருந்தால் பேசிவிடும். பேசிய வாய்க்கு ஒரு தடவை கிடைத்தது போதும். அதுவும் இதே படத்தில். அதுதான் இன்றைக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது, இவரைப் பார்த்ததனால் மட்டும் இல்லை, போஸ்டரைப் பார்த்த திங்கட்கிழமையிலிருந்தே அடித்துக்கொள்கிறது. 'பன்னீர்ப் பந்தல்', இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும், புத்தம் புதிய ஒலியில். கல்யாணமான ஒன்பதாம் நாள், பெண் மாப்பிள்ளையை சினிமாவுக்கு அனுப்புகிற சாங்கியத்துக்காக அனுப்பினார்களே, அந்தப் படம். பெண் மாப்பிள்ளை என்று பெயர்தான், கூடப் பதினோரு பேர். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் அவர் அக்கா, ருக்மணி அண்ணி, மடியில் ஒரு கூடை முறுக்கோடு. பாதிப் படத்தில் எழுந்து போனார்கள். இடைவேளைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று இந்திராணிக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. டிவியில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் வீம்பாக அணைத்திருக்கிறாள். கேட்டால் சொல்ல ஆயிரம் பேர் உண்டு, கேட்கவில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் எவாஞ்சலின் வருஷத்துக்கு ஒரு தடவை ஹாலில் படம் போடுவார், புனிதர் யாராவது குஷ்டரோகியின் காலைக் கழுவுகிற படம், அதில்கூட நடுவில் எவனாவது எவள் கையையாவது பிடித்துவிட்டால் போதும், 'கேர்ள்ஸ், ஐஸ் டவுன்!' என்று கண்ணைக் கீழே தாழ்த்தச் சொல்லிப் பரீட்சை அட்டையை ப்ரொஜெக்டர் முன்னால் பிடித்துவிடுவார். படம் நிற்காது, சத்தம் மட்டும் ஓடும். சுவரெல்லாம் இருட்டு, ஓரத்தில் அட்டையின் கிளிப் நிழல் மட்டும் ஒரு கொம்பு மாதிரி. அந்த இருட்டில் நானூறு பெண்பிள்ளைகள் அவரவர் இஷ்டத்துக்கு ஒரு படம் எடுத்தார்களே, அதற்கு ஈடாக இதுவரை ஒரு டைரக்டரும் எடுக்கவில்லை. இந்தப் படத்தின் இரண்டாம் பாதியும் அப்படித்தான், இருபத்தெட்டு வருஷமாக அட்டைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதோ, கதாநாயகன் வந்துவிட்டான். வந்துவிட்டான் என்றால் கால் வந்துவிட்டது. இவர்களுக்கெல்லாம் ஏன் கால்தான் முதலில் பிறக்கிறது? கார்க் கதவு திறக்கும், ஷூ தரையில் படும், தூசி பறக்கும், அப்புறம் இடுப்பு, அப்புறம் கண்ணாடி. நல்ல பிரசவத்தில் தலைதான் முதலில் வரும், எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அந்தக் காலத்துக் கால்கள் பரவாயில்லை, இப்போது வருகிறவன் ரத்தத்தில் தோய்ந்து வருகிறான். போன மாதம் பார்த்த போலீஸ் படத்தில் இரண்டே கால் மணி நேரம் எலும்பு முறிந்தது, மொத்தமும் வெண்டைக்காய் ஒடிக்கிற சத்தம், வீட்டுக்கு வந்து அவளால் ஒரு வாரம் வெண்டைக்காய் வாங்க முடியவில்லை. எல்லாரும் ஆகா என்றார்கள். அதே எல்லாரும் தூக்கம் வருகிறது என்று எழுந்துபோன லாரி டிரைவர் படத்தில் ஒரு மனுஷன் ஏழு நிமிஷம் குளத்தைப் பார்க்கிறான். வெறும் குளம். ஒரு தவளைகூடக் குதிக்கவில்லை. இந்திராணி அதில் தேம்பித் தேம்பி அழுதாள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, யாரும் தன்னை ஏழு நிமிஷம் சும்மா விட்டதில்லை என்பதனாலோ என்னவோ. அப்புறம் அந்தப் பெண் விடுதலைப் படம்! பத்திரிகையெல்லாம் கொண்டாடித் தீர்த்தது. ஐம்பது வயசுக்காரி ஸ்கூட்டர் வாங்குகிறாள், முடியை வெட்டிக்கொள்கிறாள், கடற்கரையில் கையை விரித்துச் சுற்றுகிறாள், முடிந்தது விடுதலை. சுற்றினால் தலைதான் சுற்றும். அந்த வீட்டு அடுப்பைப் பார்த்தீர்களா? கண்ணாடி மாதிரி. தமிழ் சினிமாவில் இத்தனை வருஷத்தில் ஒரு அம்மாவுக்காவது பால் பொங்கி வழிந்திருக்கிறதா? வழிந்து, பர்னர் அடைத்துக்கொண்டு, அதைக் குண்டூசியால் குத்திக்கொண்டே மகனுக்குப் பாசம் காட்டியிருக்கிறாளா? எல்லா அம்மாவும் ஒரே கேரட்டை நறுக்கிக்கொண்டிருக்கிறாள், படம் முடியும்வரை.

பேய்ப் படங்களைப் பற்றிக் கேட்டால் அவள் ஒரு நாள் முழுக்கப் பேசுவாள். பேயைக் காட்டாத வரைக்கும்தான் பேய். காட்டிவிட்டால் பவுடர் அதிகமாகிப்போன ஒரு பெண், நம் ஊர்க் கல்யாண வரவேற்பில் வாரம் நாலு பேரைப் பார்க்கலாம். பயப்பட வேண்டுமென்றால் காலி நாற்காலியைக் காட்டு. காலி நாற்காலி. இவர் பக்கத்து நாற்காலி காலியாக இல்லையே. வலப்பக்கம் தொப்பி போட்ட ஓர் ஆள், எலுமிச்சை சாதத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. இடப்பக்கம் நாற்காலியை விரித்து அதன்மேல் இவருடைய அலுவலகப் பை. மடங்கிக்கொள்கிற நாற்காலியை விரித்துப் பையைப் பதவிசாக உட்கார வைத்திருக்கிறார், யாருக்கோ இடம் போட்டு வைத்த மாதிரி. யாருக்கு? இந்திராணிக்குக் காது சூடாயிற்று. மொத்தத் தியேட்டரிலும் நாற்பது பேர்கூட இல்லை, எங்கே வேண்டுமானாலும் பையை வைக்கலாம், மடியில் வைக்கலாம், காலடியில் வைக்கலாம். இடம் போட்டிருக்கிறார். வரப்போகிறாள் எவளோ. அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள் ஒருத்தி, நெற்றியில் சந்தனக் கீற்று, 'சாரோட வீட்டுச் சாப்பாடு வாசனை செக்‌ஷன் முழுக்க அடிக்கும்' என்றாளே தீபாவளிக்கு வந்தபோது. புதன்கிழமை காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு இவர் கேட்டாரே, 'வெள்ளிக்கிழமை காலைல ஒனக்கு என்ன வேல?' என்று, முகத்தைக்கூட எங்கேயோ திருப்பிக்கொண்டு. இவள் பதறிப்போய், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து, 'கோயிலுக்குப் போவேன், வேற எங்க போவேன், சினிமாவுக்கா?' என்று வெடுக்கென்று விழுந்தாள். அவர், 'சரி சரி, சும்மா கேட்டேன்' என்று காபியைக் குடித்தார். சும்மாவா கேட்டார்? மனைவி கோயிலில்தான் இருப்பாள் என்று உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறார். அடப் பாவி மனுஷா! வறுவலைக்கூட அவளுக்கு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டாயே! இப்படிப்பட்ட காட்சி ஒரு படத்தில் வந்தால் இந்திராணி எழுந்து போய்விடுவாள். மனைவி பின் வரிசையில், கணவன் முன் வரிசையில், நடுவில் ஒரு பை. எவன் நம்புவான்? கதை எழுதினவனுக்கு லாஜிக் வேண்டாமா?

ஆனால் யாரும் வரவில்லை. அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று, கதவு ஒரே தடவை திறந்து, கண் கூசி, யாரோ சமோசாவோடு வந்து எங்கேயோ உட்கார்ந்தார்கள். இவர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. டப்பாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, பையை மறுபடி நிமிர்த்தி உட்கார வைத்தார். திரையில் கதாநாயகி மாடிப்படியில் தடுக்கி விழ, கதாநாயகன் தாங்கிப் பிடிக்க, இந்திராணி படத்தைப் பார்ப்பதா பையைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பார்த்தாள். கிராம்புக் காரத்தில் நாக்கெல்லாம் மரத்துப்போயிற்று. அடுத்த காட்சி ரயில் நிலையம் என்று அவளுக்குத் தெரியும். நெஞ்சுக்குள் தண்டவாளம் அதிர ஆரம்பித்துவிட்டது. வேண்டாம், இப்போது எழுந்து ஓடிவிடலாம், இருட்டில் யாருக்கும் தெரியாது, கோயிலும் திறந்திருக்கும், நேரத்தோடு வீட்டுக்குப் போய் ஒரு பொரியல் கூடுதலாக வைக்கலாம். காலைத் தரையில் ஊன்றினாள். ரயில் கூவிற்று. ஊன்றிய கால் அங்கேயே நின்றது.

அதே நடைமேடை. அதே மழை, ரயில் இருக்கிற இடத்தில் பெய்யாமல் கதாநாயகன் தலையில் மட்டும் பெய்கிற மழை. கதாநாயகி ஜன்னலோரம். கார்டு பச்சைக்கொடியைத் தூக்கிவிட்டார். ரயில் கிளம்ப வேண்டியதுதான், ஆனால் கதாநாயகன் பாட ஆரம்பித்துவிட்டான். பல்லவி, அனுபல்லவி, மூன்று சரணம், நடுவில் வயலின் வேறு. அத்தனைக்கும் ரயில் நிற்கிறது, அத்தனைக்கும் பின்னால் அந்த ஒல்லிக் கார்டு, முழங்கை மடங்காமல் கொடியைத் தூக்கியபடி நிற்கிறார். அன்றைக்கு மொத்த ஜனமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் புதுப்பெண், கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் ஈரம், அவளுக்கு மட்டும் கண்ணில் கதாநாயகன் படவில்லை, கார்டுதான் பட்டார். இரண்டாவது சரணத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. பிரேயர் ஹாலில் கடைசி பெஞ்சு வரை கேட்கப் பழகிய குரல். அடுத்த நொடி தியேட்டரே இடிந்து விழுந்த மாதிரி சிரிப்பு, மேலே பால்கனியிலிருந்து எவனோ விசில். எப்படி இருந்தது அது! உடம்பெல்லாம் விளக்குப் போட்ட மாதிரி. அந்த வெளிச்சத்தில் அவள் புருஷன் முகத்தைப் பார்க்க எட்டிப் பார்த்தாள், நடுவில் ருக்மணி அண்ணி முறுக்குக் கூடையோடு எழுந்து நின்றாள். 'தாமு, எந்திரி. கான்வென்ட்டு வாயைக் கட்டிக்கிட்டு வந்திருக்க நீ. நாலு பேரு திரும்பிப் பாக்கறான், மானம் போவுது.' அவர் எழுந்தார். அவர் எழுந்ததும் பதினோரு பேரும் எழுந்தார்கள். அன்றைக்கு வாயில் போட்ட பூட்டு. இனி ஒருபோதும் உங்களோடு சினிமாவுக்கு வரமாட்டேன் என்று அவள் மனசுக்குள் சொன்னாள், சினிமாவே வீண் என்று அவர் வாய்விட்டுச் சொன்னார், கணக்குச் சரியாகிவிட்டது.

இரண்டாவது சரணம் வந்தது. முன் வரிசையில் அந்த வழுக்கை, தொப்பிக்காரர் பக்கம் சாய்ந்தது.

"சார், இந்த எடத்துல எங்க வீட்டம்மா ஒண்ணு சொன்னா பாருங்க, அன்னிக்கித் தியேட்டரே சிரிச்சுது."

"அப்படியா சார்?"

"கல்யாணமாகி ஒம்போது நாள். எல்லாரும் அழுதுட்டிருக்கான், இவ ஒருத்தி எடுத்து விட்டா. எங்கக்கா கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சிட்டாங்க. நானும் எந்திரிச்சிட்டேன்." பக்கத்து நாற்காலிப் பையின் வாரை இழுத்துவிட்டார். "எந்திரிச்சிருக்கக் கூடாது சார்."

இந்திராணியின் பல்லுக்கிடையில் கிராம்பு இரண்டாக உடைந்தது. யார் பேசுகிறது இது? மின்சாரக் கட்டணத்துக்கும் மழைக்கும் தவிர வாய் திறக்காத மனுஷன், முன்பின் தெரியாத ஒரு தொப்பியிடம், எந்திரிச்சிருக்கக் கூடாது என்கிறார். இருபத்தெட்டு வருஷமாக அந்த வார்த்தையை எங்கே வைத்திருந்தார், டிரங்குப் பெட்டியிலா? கண் கரித்தது, கிராம்புக் காரமாகவும் இருக்கலாம். அழக் கூடாது, இந்தப் பாட்டுக்கு அழுதாள் என்று ஆகிவிடும், அந்த அவமானத்துக்கு அவளால் ஈடு கொடுக்க முடியாது.

"என்ன சார் சொன்னாங்க?" என்றார் தொப்பிக்காரர்.

"அதுவா? பாட்டு முடியறவரைக்கும் ரயில் நிக்குது பாத்தீங்களா. இவ என்ன சொன்னான்னா... ஐயோ பாவம், அந்த டிரைவருக்குக் கால் மரத்துப் போயிரும்னா!" சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார். "டிரைவர் எங்க சார் வர்றாரு? டிரைவரையே காட்டலியே."

"இல்ல... டிரைவருன்னுதான்... கால்... நின்னுக்கிட்டே..."

"அவரு உக்காந்துதான சார் ஓட்டுவாரு?"

ஐயோ. ஐயோ, ஐயோ. கொன்றுவிட்டாரே! ஒரு வாழ்நாளில் அவள் வாயிலிருந்து வந்த ஒரே தங்கம், தியேட்டரை இடித்த வார்த்தை, அதைக் கொண்டுபோய் எஞ்சினுக்குள் உட்கார வைத்துக் காலை மரத்துப்போகச் செய்துவிட்டாரே! இருபத்தெட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்தது இதையா? இத்தனை நாளும் எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லி, எத்தனை பேர் இவளை மக்கு என்று நினைத்தார்களோ! போகட்டும், விடு, வாயை மூடு, நாற்காலி போய்விடும், குங்குமம் போய்விடும், வெள்ளிக்கிழமை போய்விடும், மூன்றாவது சரணம் முடியப்போகிறது, கார்டு கையை இறக்கிவிடுவார், இறக்கிவிட்டால் அப்புறம் சொல்லிப் பிரயோஜனமில்லை...

அவள் கிராம்பைத் துப்பினாள்.

"டிரைவர் இல்லங்க, கார்டு! கால் இல்ல, கை! 'ஐயோ பாவம், அந்தக் கார்டு கையில ரத்த ஓட்டம் நின்னுடப் போவுது, யாராவது தேய்ச்சு விடுங்களேன்!' அதான் நான் சொன்னது!"

கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. தொப்பிக்காரர் திரையில் கார்டைப் பார்த்தார், விறைத்த கையைப் பார்த்தார், 'ஹ' என்று ஒரு சத்தம், அப்புறம் தொப்பி கழன்று விழச் சிரித்தார். எங்கேயோ சமோசா தின்றுகொண்டிருந்தவர்களுக்குப் புரையேறிற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பது பேரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு விசில்கூட வந்தது. தாமோதரன் மட்டும் அசையவில்லை. காலருக்குள் கைக்குட்டை வேர்வையில் மெல்ல நனைவது மாதிரி இருந்தது. திரும்பாமலே கேட்டார்.

"என்ன, இன்னிக்குக் கோயில்ல கூட்டமா?"

"நீங்க ட்ரெஷரியிலல்ல இருக்கணும்?"

"பர்மிஷன் போட்டிருக்கேன்."

"எனக்குப் பர்மிஷன் தேவையில்ல. பதினோரு வருஷமா வர்றேன்."

"பதினோரு..." அவர் தலை திரும்ப ஆரம்பித்துப் பாதியில் நின்றது. "அப்ப அந்தக் குங்குமம்?"

"அது கோயில் குங்குமந்தான். படம் முடிஞ்சதும் வாங்குவேன்." குரல் நடுங்கியது, அவள் அதைக் கோபம் போல ஆக்கிக்கொண்டாள். "அது கெடக்கட்டும். அந்தப் பை யாருக்கு எடம் போட்டிருக்கு?"

தாமோதரன் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு துண்டுச் சீட்டை எடுத்துத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார், பேருந்தில் கண்டக்டருக்குக் காட்டுகிற மாதிரி. "டிக்கெட்ட ரெண்டா வாங்கிட்டேன். செவ்வாக்கெழமையே. புதன்கெழமை கேட்டேனே, கோயில்னுட்ட. விழுந்து புடுங்குற மாதிரி சொன்ன. சரின்னு விட்டுட்டேன்."

இந்திராணி அந்தச் சீட்டைப் பார்த்தாள். இருட்டில் எழுத்துத் தெரியவில்லை. திரையில் கார்டு ஒருவழியாகக் கையை இறக்கினார், ரயில் நகர்ந்தது, இடைவேளை என்று பெரிதாக எழுதி விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. முன் வரிசையில் அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலி விரிந்தபடி காலியாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அதற்கு நேர் மேலே ஒழுகிக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்தாள், பிறகு தன் கிறீச்சிடுகிற நாற்காலியின் கையைத் தடவினாள். இதை விட்டுவிட்டு யார் போவது?

"அங்க உக்காந்தா தலையில தண்ணி சொட்டும். எந்திரிச்சு இங்க வாங்க. வரும்போது ரெண்டு காபி வாங்கிட்டு வாங்க. முன்னாடியே சொல்லிட்டேன், ரெண்டாவது பாதியில நான் பேசுவேன்."